பாஸ் சொன்ன வியாழக்கிழமைகள்

லூர்துநாதன் சொல்தாவின் விக்கல் அவரை விட்டு எழுந்து ஐஸ் பிளான்ட்காரர்களின் மேசைக்குப் போன வியாழக்கிழமை நெடுந்துறையில் கரண்ட் இருந்தது, காற்று இல்லை, சங்கரா மீன் மலிந்து கிடந்தது, அதைத் தவிர வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மைக் என் கையில் இருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு என்று கேட்டேன். சொல்தா இரண்டு தரம் விக்கிவிட்டு "பாஸ்" என்றார், விக்கல் நின்றது. பக்கத்து மேசையில் ஐஸ் பிளான்ட் மேஸ்திரி சின்னக்கண்ணு விக்கினார், "பாஸ்" என்றார், அவருக்கும் நின்றது. அடுத்து தனியாக உட்கார்ந்திருந்த இளம்பரிதி அண்ணன் விக்கிக்கொண்டே "ஏழு" என்றார். சரியான விடை, பத்து மார்க் என்றேன். விக்கல் அவரிடமே தங்கிவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. சின்னக்கண்ணு மட்டும், "இது தெரிஞ்சிருந்தா என் முதுகுவலியயும் சேத்து விட்டிருப்பேன்" என்றார்.

பார் என் அத்தை பிரிஜித்துடையது. வியாழக்கிழமை பாதி ஊர் தர்காவுக்குப் போகும், மீதி சாய்பாபா கோயிலுக்குப் போகும், இரண்டுக்கும் போகாதவர்களும் போகிறவர்களைப் பார்த்துக் கூச்சப்பட்டுக் குடிக்காமல் இருப்பார்கள், அதனால் அன்றைக்குக் கடை ஈயாடும். அத்தை பாண்டிச்சேரியில் ஒரு கடற்கரை பாரில் வெள்ளைக்காரர்கள் வாராவாரம் வினாடி வினா நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்து நாமும் நடத்துவோம் என்றாள், நடத்த ஆள் தேடினாள், அப்போது நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ஏன் விட்டேன் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை, வீட்டில் கஷ்டம் இல்லை, காதல் இல்லை. கேட்கிறவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. என்னிடம் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன். பொம்பளைப் பிள்ளை பாரில் மைக் பிடிப்பதா என்று ஊர் இரண்டு வாரம் பேசியது. மூன்றாம் வாரம் பேசினவர்கள் வந்து உட்கார்ந்து ஆம்லெட் சொன்னார்கள்.

நாலு மேசை. முதல் மேசை திரை போட்ட குடும்ப அறையில் இருக்கிறது, அநேகமாகக் காலியாகவே கிடக்கும். இரண்டாவது இளம்பரிதி அண்ணனுடையது. மூன்றாவது சொல்தாக்களின் மேசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கம் அப்படிப் பெயர். நாலாவது ஐஸ் பிளான்ட். கேள்வி ஒரு மேசைக்குத் தெரியாவிட்டால் பாஸ் சொல்லலாம், அடுத்த மேசைக்குப் போகும், நாலாவதிலிருந்து சுற்றி முதலாவதற்கு வரும். எல்லா வினாடி வினாவிலும் உள்ள சட்டம்தான். எங்கள் பாரில் கேள்வியோடு கூட, பாஸ் சொன்னவரிடம் இருந்த உபத்திரவமும் கிளம்பிப் போனது. கேள்வி யாரிடம் விடையாகிறதோ அவரிடம் அது நின்றுவிடும். இவ்வளவுதான் நடந்தது. ஏன் நடந்தது என்று யோசித்தவர்கள் யாரும் இல்லை, எப்படிப் பயன்படுத்துவது என்று யோசித்தவர்கள் நிறைய இருந்தார்கள்.

அதன்பிறகு வியாழக்கிழமை என்பது நெடுந்துறையில் இறக்கி வைக்கும் கிழமை ஆனது. வாயுத்தொல்லை வந்தது, ஒற்றைத் தலைவலி வந்தது, போலீஸ்காரர் ஒருவர் தன் கோபத்தைக் கொண்டுவந்தார், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொய் சொல்லியே பழகிய ஒரு மருமகள் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து பாஸ் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மாமியாரிடம் முதல்முறையாக உண்மையைச் சொல்லி மூன்று நாள் சண்டை போட்டாள். சொல்தா லூர்து மாமா தன் குறட்டையை அனுப்பினார், வீட்டில் அவர் மனைவிக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் போய், அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அந்த அம்மாவே பாருக்கு வந்து நின்றார். பல் வைத்தியர் வெள்ளிக்கிழமை கிளினிக்கை மூடிவிட்டார். பங்குச்சாமியார் பிரசங்கத்தில், "ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள் என்பது வேதம், தள்ளிவிடுங்கள் என்பது பிரிஜித்தின் பார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மூட்டுவலி இந்தக் கணக்கில் சேருமா என்று உபதேசியாரை விட்டுக் கேட்டார். தெருவில் பிள்ளைகள் வீட்டுவேலை சொன்னால் பாஸ் என்றன. ஊரில் எல்லோரும் பொது அறிவுப் புத்தகம் வாங்கிப் படித்தார்கள், விடை தெரியாமல் உளறி அது தற்செயலாகச் சரியாகிவிடக்கூடாதே என்பதற்காக. இப்படி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது, ஒருவரும் எதையும் சொல்லவில்லை.

இளம்பரிதி அண்ணன் மட்டும் சொன்னார்.

அவர் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர். நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும் எழுதிக்கொண்டிருந்தார், விட்டபோதும் எழுதிக்கொண்டிருந்தார். குடிக்கமாட்டார், எலுமிச்சை சோடா மட்டும். தனி வீடு, தனிச் சமையல். ஊரின் விக்கல், பித்தம், நமைச்சல் எல்லாம் சுற்றி வந்து கடைசியில் அவரிடம்தான் விழும், ஏனென்றால் அவருக்கு விடை தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவருக்கு வராது. போலீஸ்காரரின் கோபம் வந்த வாரம் தேங்காய்க்காரரைப் பார்த்துக் கத்தினார், பிறகு வெட்கப்பட்டு நாலு தேங்காய் வாங்கினார். ஐஸ் பிளான்ட் மெக்கானிக்கின் பல்வலி வந்தபோது வலி மட்டும் வரவில்லை, பல்லும் கூடவே வந்து அவர் வாயில் முப்பத்து மூன்றாவதாக முளைத்தது. அந்த வாரம்தான் பாரில் ஒரு விஷயம் புரிந்துபோனது: ஒருவர் ரொம்ப நாள் வைத்திருந்த பொருள் வேரோடு போகும், இப்போது வந்து உட்கார்ந்த பொருள் தூசி மாதிரி மேலோடு போகும்.

"ஏண்ணே, தெரியாதுன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரிஞ்சத எப்படிம்மா தெரியாதுன்னு சொல்றது?"

"வாயத் தொறந்து."

அவர் சிரித்தார். "பரீட்சை எழுதுனா ரிசல்ட் வர ரெண்டு வருஷம் ஆவுது. வந்தா எவனாச்சும் கோர்ட்டுக்குப் போயிடுறான். நீ கேட்ட நிமிஷமே சரின்னு சொல்லிடுற. அதுக்கு ஒரு பல்லு வந்தா வந்துட்டுப் போவுது, விடு."

அவர் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன்.

எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிற தனக்கொடி அக்கா மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு வியாழக்கிழமை வந்து திரையை விலக்கிக்கொண்டு குடும்ப அறையில் உட்கார்ந்தாள். அவள் மகள் சுடர் நாலு வயசில் காய்ச்சலில் இறந்துபோய் அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை அக்கா தைத்த ஜாக்கெட் ஒன்றுகூட யாருக்கும் சரியாக இருந்ததில்லை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, ஊர்ப் பெண்கள் அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை என் காதில், "மரியாயே, இவ எதக் கொண்டாந்திருக்கா தெரியுதுல்ல? வேண்டாம்னு சொல்லுடி" என்றாள். பல்வலிக்கு ஆமென்றவள் இதற்கு எப்படி வேண்டாமென்பது என்று கேட்டேன். அத்தை அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். கடல் ஏறி இறங்குவது எதனால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் தனக்கொடி அக்கா "பாஸ்" என்றாள்.

அடுத்த மேசை இளம்பரிதி அண்ணன். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். சோடா பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, "நிலா" என்றார். சரி என்றேன். அவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்து, சத்தமாக, பெற்றவர்கள் மட்டும் அழுகிற மாதிரி அழுதார். தனக்கொடி அக்கா திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அந்த சாருக்கு என்னாச்சு? தண்ணி குடுங்களேன்" என்றாள்.

அவளுக்கு வலி மட்டும் போகவில்லை. பிள்ளை மொத்தமும் போய்விட்டது, பல் போன மாதிரி.

ஊருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், மெஷினை மிதித்துக்கொண்டே பாடினாள், ஜாக்கெட்டுகள் கச்சிதமாக வந்தன. கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் போனில் அழுதால், "யாருக்கு என்னா ஆச்சுன்னு நீங்க இப்ப அழுவுறீங்க" என்றாள். போட்டோவைக் காட்டினால், "அழகா இருக்கே, யாரு வூட்டுப் புள்ள?" என்றாள். பிறகு பீரோவைச் சுத்தம் பண்ணும்போது இது யாருடையது என்று தெரியாத சின்னக் கவுன்கள் கிடைத்தன, அவற்றைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கடை வாசலில் விற்பனைக்கு மாட்டினாள். அன்றைக்குத் தெருவில் யாரும் அந்தப் பக்கம் பார்த்து நடக்கவில்லை. இளம்பரிதி அண்ணன் மட்டும் தினம் போய் ஒரு கவுன் வாங்கிக்கொண்டு வந்தார். "சாருக்குப் பொம்பளப் புள்ளையா?" என்று அவள் கேட்டாளாம். ஆமாம் என்றாராம்.

அவர் மாறிப்போயிருந்தார். பால்வாடி விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பார், யாரையும் பார்க்காமல் காலியாக இருக்கிற இடத்தைப் பார்ப்பார். சட்டைப் பையில் ஜவ்வு மிட்டாய் வைத்திருப்பார், அது உருகி ஒட்டியிருக்கும். பரீட்சைப் புத்தகங்களைக் கட்டி மேலே போட்டுவிட்டார். அழுது அழுது கண் வீங்கியிருக்கும், ஆனால் சவரம் செய்துகொண்டார், நேரத்துக்குச் சமைத்தார், ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டார். வீட்டில் கூட ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

இப்படியே நாலைந்து மாதம் போனபிறகு ஒரு காலையில் தனக்கொடி அக்கா பாருக்கு வந்தாள். நாற்காலிகளைக் கவிழ்த்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சாமே?"

"ஆமாக்கா."

"செத்துப்போச்சாமே?"

"ஆமா."

"அப்ப எனக்கு ஏன் அழுவ வரல? ஊரே என்னைப் பாத்தா கண்ணத் தொடைக்குது, கறிக்கடைக்காரன் கூட ரெண்டு துண்டு கூடப் போடுறான். எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. காலம்பற எந்திரிச்சதும் என் கை ரெண்டும் தானா தூக்கிக்கிட்டு அந்தரத்துல நிக்குது. எதையோ செய்ய வருது, என்னான்னு தெரியல." கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு இறக்கிக்கொண்டாள். "நான்தானே குடுத்தேன். எனக்கு அது திரும்ப வேணும்."

"திரும்ப வந்தா வலிக்கும்கா. முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கன்னு நான் பாத்திருக்கேன்."

"நீ பாத்திருக்க. நான் பாக்கலையே."

ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு நேராக இளம்பரிதி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார், உள்ளே கொடியில் கவுன்கள் தொங்கின.

"தரமாட்டேன்."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கல."

"வேற எதுக்கு வந்த நீ? ஊர்ல உள்ள சொறி சிரங்கெல்லாம் வாங்கிக்கிட்டேன், வாயத் தொறந்தனா? இது ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டும்."

"அது உங்க புள்ள இல்லண்ணே."

"தெரியும்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குன்னு ஒண்ணும் இருந்ததில்லம்மா. இப்ப ஒரு புள்ள இருந்துச்சு, செத்துப்போச்சு. அதையும் கேக்குற."

வந்துவிட்டேன். நான் சாமர்த்தியமாகப் பேசுகிறவள் இல்லை. எனக்குத் தெரிந்தது கேள்வி கேட்பது ஒன்றுதான், அதனால் வியாழக்கிழமைக்கு ஒரு கேள்வி யோசித்தேன். சட்டப்படி இளம்பரிதி அண்ணன் பாஸ் சொல்லவேண்டும், சொல்தா மேசையும் ஐஸ் பிளான்டும் இடையில் விடையைச் சொல்லாமல் பாஸ் சொல்லவேண்டும், கடைசியாகத் தனக்கொடி அக்கா விடை சொல்லவேண்டும். அண்ணன் விடை சொல்லிவிட்டால் அவ்வளவுதான். ஒரே பொருள் ஒருவரிடம் இரண்டு தரம் விடையாகிவிட்டால் பிறகு அது நகராது என்பதை அண்ணனிடமே நின்றுபோன ஒரு பித்தவெடிப்பு விஷயத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை தர்காவுக்குப் போனவர்களும் கோயிலுக்குப் போனவர்களும் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார்கள். பாரில் நிற்க இடமில்லை, யாரும் குடிக்கவும் இல்லை. அத்தை மீன் பொரிப்பதை நிறுத்தச் சொன்னாள், எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. தனக்கொடி அக்கா திரையை முழுசாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இளம்பரிதி அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார், தன் மேசையில் உட்கார்ந்தார், சோடா வாங்கவில்லை. வினாடி வினாவுக்கு வராமல் இருக்க அவரால் முடியாது.

"முதல் கேள்வி இரண்டாம் மேசைக்கு" என்றேன். "சுடர்னு ஒரு பொண்ணு நம்ம எதிர்வீட்ல இருந்துச்சு. தெனம் தூங்கப்போறப்ப அது அம்மாகிட்ட கடைசியா என்ன கேக்கும்?"

எனக்கு விடை தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. ஒருவருக்குத்தான் தெரியும், அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். விடை அவர் தொண்டைக்கு வந்துவிட்டதைப் பாரில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். கண் மின்னியது, உதடு பிரிந்தது, பிரிந்த உதடு அவருக்கே தெரியாமல் புன்னகையானது. சின்னக்கண்ணு மேஸ்திரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார், அவர் வருஷாவருஷம் முருகனுக்கு வேல் குத்துகிறவர்.

அப்போது தனக்கொடி அக்கா மேசைமேல் கையை ஊன்றி முன்னால் குனிந்து, ரொம்ப ஆர்வமாக, "என்னா சார் கேக்கும்? உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க சார், நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்றாள்.

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற தொனிதான் அது. விடையைச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன் என்கிற தொனி. இளம்பரிதி அண்ணன் அவளைப் பார்த்தார். அப்படித் தெரிந்துகொண்ட விஷயங்கள் அவரிடம் ஆயிரம் இருந்தன, ஒட்டகச்சிவிங்கியின் எலும்பு, கடலின் ஏற்றம் இறக்கம், எந்த ராஜா எந்த வருஷம் செத்தான் என்பது, எல்லாம்; அவர் சொன்னால் இதுவும் அவளுக்கு அந்த வரிசையில் ஒன்றாகிவிடும். வாயை மூடினார். சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பாஸ்" என்றார்.

அது சொல்தா மேசைக்குப் போனது. லூர்து மாமா மடியில் எதுவோ வந்து உட்கார்ந்த மாதிரி கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். இரண்டு யுத்தம் பார்த்த மனுஷன் அசையாமல் இருந்தார், எழுந்தால் கீழே விழுந்துவிடும் என்பதுபோல.

"மாமா, டைம் முடிஞ்சுது."

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."

"மாமா."

"இப்பத்தாண்டி கண்ண மூடுது" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, எழுப்பிவிடாமல், "பாஸ்" என்றார்.

ஐஸ் பிளான்ட் மேசையில் சின்னக்கண்ணு கைகளைப் பரபரவென்று வேட்டியில் தேய்த்தார். "தூக்குனா குளுருமே, ஐஸ் அள்ளுன கைடா இது, புள்ளைக்குத் தாங்காதே" என்று யாரிடமோ சொன்னார். உடனே "பாஸ், பாஸ்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கேள்வி முதல் மேசைக்கு வந்தது. தனக்கொடி அக்காவின் கைகள் அவள் காட்டின மாதிரியே தானாக எழுந்தன, ஆனால் இந்தத் தடவை அந்தரத்தில் நிற்கவில்லை, அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிற ஒரு தலையைக் கண்டுபிடித்து அதைத் துவட்ட ஆரம்பித்தன. ஈரம் போகத் துவட்டின. காதுக்குப் பின்னால் துவட்டின.

"மீனுக்கு" என்றாள். நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். "மீனுக்கு யாரும்மா தலை துவட்டி விடுவான்னு கேக்கும். தெனம். தெனம் அதே கேள்வி. நான் ஒரு நாளும் பதில் சொல்லல, பேசாம தூங்குடின்னுட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்தாவுக்கும் மேஸ்திரிக்கும் ஒரு நிமிஷம் தெரிந்திருந்தது மறந்துபோயிருந்தது, இளம்பரிதி அண்ணன் முகத்தில் ஒன்றுமே இல்லை, சரிபார்க்க என்னிடம் எதுவும் இல்லை.

"சரி" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அழுததை நான் எழுதப்போவதில்லை. அத்தை போய்த் திரையை இழுத்துவிட்டு உள்ளேயே இருந்துகொண்டாள். வாசலில் நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். பாருக்கு நடுவில் இளம்பரிதி அண்ணன் சட்டைப் பையிலிருந்து உருகின மிட்டாயை எடுத்து, இது எப்படி இங்கே வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் வைத்திருந்தது அவரிடமிருந்து வேரோடு போயிருந்தது, தெருவில் அந்தப் பிள்ளை ஓடியதைப் பார்த்த ஞாபகம்கூட மிச்சமில்லை.

"யாரும்மா உள்ள அழுவுறது?" என்று என்னைக் கேட்டார். "என்னா ஆச்சு அவங்களுக்கு?"

பாரில் இருந்த எல்லோருக்கும் விடை தெரியும். ஒருவரும் பாஸ் சொல்லவில்லை. லூர்து மாமா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் கையை வைத்து, "ஒரு புள்ள இருந்துச்சு தம்பி" என்று ஆரம்பித்தார்.

நான் மைக்கை அணைத்தேன்.